லோக்கல் கார்டியன்

"நாளைக்கி கிறிஸ்துமஸ் லீவுக்கு ஹாஸ்டல மூடறாங்க மேடம். கார்டியன் நேர்ல வந்தாதான் எம்பொண்ண வெளிய வுடுவாங்க," என்று போனில் கெஞ்சினாள் சாராள்.

"இங்க உனக்கு வேற யாரும் இல்லியா?" என்று கேட்டாள் ஜோதிலட்சுமி.

"எங்க அக்கா இருந்தாங்க. போன மாசம் தவறிட்டாங்க. உங்க ஊட்லேர்ந்து ஹாஸ்டல் கிட்டதான் மேடம். லீவு முடியறவரைக்கும் ஒரு மூலையில படுத்துக்குவா."

"பொம்பளப் புள்ள சாராள். ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? அடுத்தவங்க புள்ளைய வச்சிக்கிறது எவ்ளோ பெரிய பொறுப்பு! எங்க ஊட்டுக்காரரு ஒத்துக்கமாட்டாரு."

சாராள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"தப்பா எடுத்துக்காத. எங்க நேத்ராவ ஸ்கூல்லேர்ந்து கூட்டியாந்துட்டியா?"

லீட்ஸ் நகரத்துச் சின்ன ஃப்ளாட்டில், எதிரே தோசை தின்றுகொண்டிருந்த நேத்ராவைச் சாராள் பார்த்தாள். திருவள்ளூர் பக்கத்துச் செவ்வாப்பேட்டையிலிருந்து ஜோதிலட்சுமி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிய ஒரே மகள்.

"கூட்டியாந்துட்டேன் மேடம். நான்தானே கார்டியன்? கையெழுத்து போட்டதும் அனுப்பிட்டாங்க."

"ராத்திரியில தனியா படுத்தா பயந்துக்குவா. நீ பக்கத்துல படுத்துக்கோ," என்று சொல்லிவிட்டு ஜோதிலட்சுமி போனை வைத்தாள்.

உடனே மறுபடி மணி அடித்தது. திருவள்ளூர் ஹாஸ்டலிலிருந்து சாராளின் மகள் ஜெனிபர்.

"அம்மா, துணியெல்லாம் மடிச்சி பையில வச்சிட்டேன். நாளைக்கி என்னக் கூட்டிக்கினு போக யாரும்மா வராங்க?"