தோள் தேர்தல்

முதல் அநியாயம் நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆள் படுத்த நேரம் பார்த்துத் தேர்தலில் கவிழ்த்துவிட்டார்கள்.

இரண்டாவது, அதற்கு அடுத்த வருஷம். தோற்றுவிட்டீர்கள் என்றார்கள், எத்தனை ஓட்டில் என்று சொல்லவில்லை.

மூன்றாவது, அதற்கும் அடுத்த வருஷம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார்கள்.

நான்காவது, போன வருஷம். தோற்றவரைக் கூப்பிட்டு, "சும்மாதானே நிக்கிறீங்க, இந்தப் பலூனை ஊதிக் கட்டுங்க" என்றாள் தம்பி மனைவி.

கொடி மாமா எதையும் மறக்கவில்லை. முப்பது வருஷம் மில் வாசலில் கொடி பிடித்தவர். அதனால் பெரியப்பா என்று கூப்பிட வேண்டிய பிள்ளைகளுக்கும் அவர் கொடி மாமாதான்.

தம்பிகள் மூன்று பேர், ஒரே தங்கை. எல்லோருக்குமாகப் பதினோரு பிள்ளைகள். ஆளுக்கொரு நாள் கொண்டாடினால் வருஷம் முழுக்கக் கேக்தான் தின்ன வேண்டும் என்று, பள்ளி விடுமுறையின் முதல் நாளில் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பிறந்தநாள். கேக் வெட்டும் முன்னால் பெரியவர்களில் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையையும் தோளில் ஏற்றி வீட்டை ஒரு சுற்று சுற்ற வேண்டும். யார் தோள் என்று பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள்.

ஓட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவரே கொடி மாமாதான். "யாருக்குப் போட்டேன்னு பெத்த தாய்கிட்டகூடச் சொல்லக்கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தார். வாலுகள், அதை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றின.

நான்கு வருஷமாக ஜெயிப்பவர் தங்கையின் கணவர். மில்லில் சூபர்வைசராக இருந்தவர். ஒவ்வொரு ஸ்டிரைக்கிலும் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஆள்.

இந்த வருஷம் தங்கை பெட்டியோடு சமையலறைப் பக்கம் திரும்பியதும் கொடி மாமா குறுக்கே நின்றார்.

"பெட்டியை மேஜை மேல வை."

"எதுக்குண்ணே?"

"எண்ணிக்கை இங்கதான். எல்லாரும் சாட்சி."

"பிள்ளைங்க விளையாட்டுண்ணே இது."

"விளையாட்டா? உன் வீட்டுக்காரர் மிட்டாய் கொடுத்து ஓட்டு வாங்குறது எனக்குத் தெரியாதா? மில்லுல கத்துக்கிட்ட வித்தை."

ஸ்டூல் மேல் நின்று கலர் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த சூபர்வைசர் திரும்பினார். "ஆமா மச்சான். இந்தத் தடவை மிட்டாய் கொஞ்சம் கூடவே செலவாச்சு."

"பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருட்டாயிடாது சூபர்வைசரே."

"சரிதான்" என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி காகிதத்தை ஒட்டினார்.

தோல்வி கொடி மாமாவுக்குப் புதிதல்ல. ஆனால் அவருக்கென்று குடும்பம் கிடையாது. இந்தப் பிள்ளைகள்தான். நடக்கத் தெரியுமுன்பே அவர் தோளில் ஏறத் தெரிந்துகொண்ட பிள்ளைகள். எப்போதிலிருந்து வேண்டாதவராகிப் போனார்? அது தெரிந்தாக வேண்டும்.

பெட்டியைக் கவிழ்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சீட்டைப் பிரித்து மனசுக்குள் படித்தார்.

கோணல் எழுத்தில், 'கொடி மாமா'.

இரண்டாவதும் அதே. மூன்றாவதில் எழுத்தே இல்லை. எழுதத் தெரியாத கடைக்குட்டி ஒரு கொடியை வரைந்திருந்தது. நான்கு, ஐந்து, ஆறு... பதினொன்றில் ஒன்பது அவருக்கு.

ஒன்பதையும் மறுபடி எண்ணினார். சீட்டுகளைக் கூட்டி எடுப்பது போலத் தங்கை பக்கத்தில் வந்தாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "நாலு வருஷமும் இதேதான்" என்றாள்.

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்னே?"

"நெஞ்சைப் பிளந்து தைச்சிருக்கு. கனமா எதையும் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் என் முன்னாலதான சொன்னார்? பதினோரு பிள்ளை, பதினோரு சுத்து. உன் பேரைப் படிச்சிருந்தா நீ தூக்காம இருந்திருப்பியா? என்னால முடியாதுன்னு உன் வாயில வருமா?"

வராது. அது அவருக்கே தெரியும்.

"இந்தக் கள்ளக்கணக்கு உன் மூளையில உதிச்சதா?"

"அவர் சொன்னதுண்ணே. 'மச்சான் என்னைத் திட்டிக்கிட்டே நல்லா இருக்கட்டும்'னார்."

கொடி மாமா நிமிர்ந்து பார்த்தார். சூபர்வைசர் ஸ்டூலிலிருந்து இறங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகுவலிக்காரர்கள் கட்டும் அகலமான பெல்ட்டைச் சட்டைக்குள் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கொடி மாமா, யார் ஜெயிச்சது? சீக்கிரம் சொல்லுங்க" என்று பிள்ளைகள் மேஜையைத் தட்டின.

வாழ்நாளில் ஒரு பொய்க் கணக்குக்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. போடச் சொன்னவர்களைச் சந்தி சிரிக்க வைத்தவர்.

பதினோரு சீட்டுகளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தொண்டையைச் செருமினார். மில் வாசலில் பேசும் அதே குரல் வந்தது.

"எல்லாரும் சாட்சி. ஓட்டு பதினொண்ணு. எண்ணினது நான். இந்த வருஷமும் ஜெயிச்சது..."

எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்:

"எங்க வீட்டு மாப்பிள்ளை."