படிக்கட்டு கரன்ட்

ஈ.சி.ஜி. தாளின் மேல் முள் பேய் பிடித்ததுபோல் ஆடியது.

கட்டிலில் படுத்திருந்த மாம்பழ மண்டிக்காரர் தணிகாசலம் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார். அவர் மனைவி சென்னம்மாவும் பார்த்தாள்.

"ஏமாயிந்தி மேடம்? இன்னா ஆச்சு இவருக்கு?" என்று அலறி, அவர் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் ஞானமணியின் விரல்கள் தணிகாசலத்தின் மணிக்கட்டில் இருந்தன. நாடி நிதானமாகத்தான் ஓடியது. தாளிலோ ரம்பப் பல் மாதிரி நெருக்கமாகக் கோடுகள்.

டாக்டரின் பார்வை மெல்ல மூலைக்குப் போயிற்று. அங்கே லாரி பேட்டரியோடு கம்பியால் பிணைத்த தகரப் பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில், அதைச் செய்த இயேசுதாசன்.

அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

சித்தூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்பவன் அவன். கோடை மின்வெட்டில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி படும் பாட்டைப் பார்த்து, தானாகவே முன்வந்து செய்த இன்வெர்ட்டர் அது. அன்று காலைதான் கொண்டுவந்து வைத்தான். பல்பு எரிந்தது. ரேடியோ பாடியது. ஃபேன் கொஞ்சம் உறுமினாலும் சுற்றியது. எதைப் போட்டாலும் ஓடும் என்று மார்தட்டியிருந்தான்.

இதயத் துடிப்பைப் படம் எடுக்கும் மெஷினை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

லைனில் வரும் கரன்ட் அலைபோல வழுக்கி ஏறி வழுக்கி இறங்கும். அவன் பெட்டியின் கரன்ட் படிக்கட்டில் தடதடவென்று ஏறி இறங்கும். பல்புக்கு இரண்டும் ஒன்றுதான். மெல்லிய துடிப்பைத் தேடிப் பிடிக்கிற மெஷினுக்கு அப்படியில்லை. அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. தோன்றாமல் போய்விட்டது.

ஒரு மனுஷனைப் பயத்திலேயே சாகடிக்கப் பார்த்தோமே.

நல்லவேளை, கரன்ட் வந்தது. டாக்டர் மெஷினைச் சுவர் பிளக்கில் செருகி மறுபடி எடுத்தார். கோடுகள் அழகாக, சீராக வந்தன. வெறும் வாயுதான் என்றதும் தணிகாசலம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். சென்னம்மா சிரிக்கவில்லை. இயேசுதாசனை முறைத்துவிட்டு, கணவனைக் கையோடு அழைத்துக்கொண்டு பணம் கட்ட வெளியே போனாள்.

டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நான் படுக்கறேன் மேடம். மொதல்ல லைன் கரன்ட்ல ஒண்ணு எடுங்க. அப்பறம் பொட்டில ஒண்ணு. எங்க இடிக்குதுன்னு கண்டுபுடிச்சிடறேன்."

சட்டையைக் கழற்றிப் படுத்தான். டாக்டர் ஒயர்களை மாட்டினார். முள் நகர்ந்தது. எங்கே ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்தால் அந்தப் படிகளை மழுக்கலாம் என்று கூரையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தான்.

"போதும் மேடம். இப்ப பொட்டிக்கு மாத்துங்க."

டாக்டர் மாற்றவில்லை.

மெஷினின் ஒயர் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தார். அது சுவரில்தான் செருகியிருந்தது. பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. தாளைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து, எழப்போனவன் தோளை அழுத்திப் பிடித்தார்.

"அசையாதே. எங்கேயாவது வலிக்குதா?"

"பேட்டரி தூக்கிக்கினு வந்தேன் இல்ல, காலைலேர்ந்து இடது கை இஸ்துக்கினு கீது. அதுக்கின்னா மேடம்?"

வெளியே தணிகாசலத்தின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

டாக்டர் ஜன்னலுக்கு ஓடினார். "அந்தக் காரை நிறுத்துங்க! உடனே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"யாருக்கு மேடம்?" என்று கேட்டான் இயேசுதாசன்.