அஞ்சா, எஸ்ஸா?

“இந்த இடந்தான் இடிக்குதுண்ணே. வண்டியில அடிச்சிருக்கிறது அஞ்சு. பேப்பர்ல எஸ் மாதிரி இருக்கு.”

எல்லைச் சாவடி அதிகாரி லாரியின் பதிவுப் புத்தகத்தைத் தன் அறை ஜன்னல் வழியே நீட்டி, சேஸிஸ் நம்பரில் விரலை வைத்துக் காட்டினார். லாரிக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக எல்லை தாண்டி ஓட்டுகிறவர். இதைவிடப் பெரிய இடியெல்லாம் பார்த்திருப்பார் போல.

“சரி, என்ன பண்ணணும்?” என்று மட்டும் கேட்டார்.

மேலிடத்துக்கு எழுதி விளக்கம் கேட்க வேண்டும், பதில் வரும்வரை வண்டி நகரக் கூடாது என்றார் அதிகாரி. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவர்தான். அழுகிப்போக ஒன்றும் இல்லை. லாரிக்காரர் வண்டியை வேலியோரம் ஒதுக்கி நிறுத்தி, ஸ்டவ்வை இறக்கி வைத்தார்.

பத்து கிலோமீட்டர் தள்ளிப் புதுப் பாலம் வந்ததிலிருந்து இந்தச் சாவடிக்கு ஒரு நாளைக்கு மூன்று வண்டி வந்தாலே பெரிசு. கூட இருந்த காவலர்கள் இரண்டு பேரும் உள்ளூர்க்காரர்கள். ஆறு மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதிகாரியின் மனைவி, மகளின் படிப்புக்காக நகரத்திலேயே தங்கிவிட்டாள். முதலில் அரை மணி நேரம் ஓடிய போன் பேச்சு, இப்போது ‘சாப்பிட்டாச்சா, சரி வச்சிடறேன்’ என்ற அளவுக்கு வந்து நின்றிருந்தது.

அன்று சாயங்காலம் அதிகாரி லாரிப் பக்கம் போனார், சும்மா எட்டிப் பார்க்கத்தான். லாரிக்காரர் ஒன்றும் கேட்காமல் இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

மறுநாளும் போனார். பனியில் மாட்டிக்கொண்ட கதை, ஸ்டெப்னி களவு போன கதை எல்லாம் வந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்கே புதுசாக இருந்தது.

நடுநடுவே லாரிக்காரர் வீட்டுக்காரியைப் பற்றியும் சொல்வார். அவளுக்கு உப்புக் கூடினால் ஆகாது, சொன்ன நாளைத் தாண்டிப் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டாள் என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் அதிகாரி பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

மூன்றாம் நாளும் மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. எழுதினால்தானே வரும்?

அதிகாரி லஞ்சத்துக்கு நிறுத்துகிற ஆள் இல்லை. இங்கே மாற்றலாகி வந்த இந்தப் பதினொரு மாதத்தில் ஒருத்தரையும் காரணமில்லாமல் காக்க வைத்ததில்லை. ஆனால் முதல் நாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற அந்த மனுஷர், ‘ஏன் தம்பி, தூங்கலையா? கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு’ என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். விரல் தானாகப் போய் அந்த அஞ்சின் மேல் நின்றுகொண்டது.

நாலாம் நாள் மத்தியானத்துக்கு மேல், டிராயரில் போட்டு வைத்திருந்த லாரியின் மற்றக் காகிதக் கட்டை முதல்முறையாகப் பிரித்துப் பார்த்தார். வண்டியின் பர்மிட் கண்ணில் பட்டது. அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. அதற்கு மேல் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றால் வண்டி பறிமுதல், ஓட்டினவர் மறுபடி இந்த எல்லையை மிதிக்கவே முடியாது. கடிகாரம் நாலே முக்காலைக் காட்டியது.

அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முத்திரையைக் குத்திக் காகிதங்களை அள்ளிக்கொண்டு, கேட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு ஓடினார். லாரிக்காரர் நிதானமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

கெடு விஷயத்தைச் சொல்லி, ஸ்டவ், பாத்திரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்ற அதிகாரியும் கூட ஒரு கை கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

“நம்பர்ல ஒரு தப்பும் இல்லண்ணே. நான் மேலிடத்துக்கு எழுதவே இல்ல. பேச ஆள் இல்லாம நான்தான் உங்களை நிறுத்தி வச்சிட்டேன். புகார் குடுக்கணும்னா குடுங்க. இப்பக் கிளம்புங்க, வீட்ல அக்கா வழி பார்த்துக்கிட்டு இருப்பாங்க.”

லாரிக்காரர் ஏறி உட்கார்ந்து என்ஜினைக் கிளப்பினார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று அதிகாரி தலை குனிந்து நின்றார்.

“அந்த நம்பர் எனக்கு மனப்பாடம் தம்பி,” என்றார் லாரிக்காரர், கியரைப் போட்டபடி. “அவ போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு.”