கண்ணாடி மேல் ஈரத்துணி

"எல்சி, இன்னிக்கும் கார போத்தி வெச்சிக்கீறாங்கடி!"

பொண்டாட்டியிடம் போனில் பேசும்போதே சவரிநாதனுக்கு நாக்கு தந்தியடித்தது. அடிக்காதா பின்னே? காசிமேட்டில் ஐஸ் கம்பெனி சுவரோரம் காரை நிறுத்திவிட்டு எதிரே இருக்கும் ஆபீசுக்குப் போகிறான். சாப்பாட்டு வேளைக்கு இறங்கி வந்தால், முன்கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளைத்துணி. சொட்டச் சொட்ட ஈரம். பிணத்துக்குப் போர்த்துவது மாதிரி நாலு மூலையும் இழுத்துவிட்டு, வைப்பருக்கு அடியில் பதமாகச் செருகி!

முதல் நாள், எவனோ விளையாடுகிறான் என்று சுருட்டிச் சாக்கடையில் எறிந்தான். மறுநாள் இன்னொரு துணி. அதையும் எறிந்தான். இன்றைக்கு மூன்றாவது.

"கார்லதான் கேமரா கீதே. அதுல பாருங்களேன்" என்றாள் எல்சி.

"அதான் சொன்னேனேடி, வெயில்ல சூடேறினா அது நின்னுடுதுன்னு!"

"இன்னாவோ போங்க. யாரு வயித்தெரிச்சலையாச்சும் கொட்டிக்கினீங்களா?"

"வெய்யிடி போன!"

டீக்கடை முபாஷிர் தன் பங்குக்குப் பயம் காட்டினான். "உச்சி வெயில்ல இந்த ரோட்டுல ஈ காக்கா கூட இருக்காது தோஸ்து. பன்னண்டு மணிக்கு நடமாடறதெல்லாம் மனுசன்னு நெனச்சிக்காத."

சவரிநாதன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். டேஷ்போர்டு மேல் இருந்த கேமராவில் அன்றைய பதிவை ஓட்டினான். ஆமாம், வெயிலில் நின்றுபோகும் என்றானே, அதே கேமராதான். ஜம்மென்று ஓடியது.

திரையில் காலி ரோடு. கானல் நெளிந்தது. பிறகு ஓரத்திலிருந்து இரண்டு கைகள் வந்தன. எலும்பும் தோலுமான கைகள். கடலில் நாலு நாள் கிடந்த மாதிரி வெளுத்து, ஊறி, சுருங்கிப்போன விரல்கள். முகம் தெரியவில்லை. துணி மெல்ல மேலேறியது. அப்புறம் எல்லாமே வெள்ளை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல், கண்ணாடிக்கு வெகு பக்கத்தில்.

"கண்ண மூடிடாத... கண்ண மூடிடாத..."

மாதாவே! சவரிநாதன் கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே குதித்தான். மூன்றாவது துணியும் சாக்கடைக்குப் போனது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்குத்தான் பாடை கட்டுகிறார்கள் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

மறுநாள் அதே இடத்தில் காரை விட்டுவிட்டு, முபாஷிர் கடைத் தட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றான்.

பன்னிரண்டு மணி. ஐஸ் கம்பெனியின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. தார் உருகும் ரோட்டில் வெறுங்காலோடு ஒரு உருவம், கையில் நீர் வடியும் வெள்ளைத்துணியோடு வந்தது. காரை நெருங்கியது. துணியை உதறி விரித்தது.

"ஏய், யாரு நீ? இன்னா சூனியம் வெக்கிற?" பயத்திலேயே பாய்ந்துவிட்டான் சவரிநாதன்.

உருவம் திரும்பியது.

அங்கம்மா! போன மாசம் எண்ணூர் ரோட்டில், பட்டப்பகலில், லாரி ஒன்று மீன்பாடி வண்டியை அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனதே, அதில் செத்துப்போன வண்டிக்காரனின் பொண்டாட்டி. பின்னாலேயே வந்தது சவரிநாதன் கார். "உன் வண்டில கேமரா கீதே நைனா, லாரி நம்பரு பதிஞ்சிருக்குமே" என்று போலீஸ் ஸ்டேஷனில் இவன் கையைப் பிடித்துக்கொண்டு கதறினவள்.

"சூனியம்லாம் இல்ல நைனா" என்றாள் அங்கம்மா, குற்றம் செய்தவள் மாதிரி. "நீதான சொன்ன, வெயில்ல சூடேறி கேமரா நின்னுபோச்சு, ஒண்ணும் பதியலன்னு. நான் இங்கதான் ஐஸ் ஒடைக்கிறேன். அதான் ஐஸ் தண்ணில நனைச்சி போத்திவுட்டா சூடு ஏறாதேன்னு..."

"இது... இந்தத் துணி?"

"அவரு வேட்டிதான். நாலு வெச்சினு இருந்தாரு. மூணு சாக்கடைக்குப் போச்சு, பரவால்ல வுடு. இது கடைசி."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"எனக்குத்தான் சாட்சி இல்லாம பூடுச்சு. நாளைக்கு இன்னொருத்தி புருசன் ரோட்டுல அடிபட்டு கெடந்தா, அன்னிக்காச்சும் இந்தக் கேமரா கண்ண மூடாம இருக்கட்டுமேன்னுதான்."

சொல்லிக்கொண்டே கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா நைனா! லைட்டு எரியுது பாரு! மூணு நாளு குளுமையா வெச்சதுக்கே நிக்காம ஓடுது!"

சவரிநாதனின் கை தானாகப் பர்சைத் தடவியது. லாரி அடித்த அன்றைக்கும் கேமரா நிற்காமல்தான் ஓடியது. கோர்ட்டு, கேசு என்று எவன் அலைவது என்று அன்றைக்கே கேமராவிலிருந்து கழற்றி வைத்துக்கொண்ட மெமரி கார்டு, லாரி நம்பரோடு, அந்தப் பர்சுக்குள்தான் இருந்தது.