ஞாயிறு விருந்தாளிகள்

"ஒரு அல்லேலூயாவுக்குக்கூடக் கை தூக்கத் தோணாதா இதுகளுக்கு? நெஞ்சா, கல்லா?"

சபைச் செயலாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? மேடையில் மூப்பர் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார், மொத்தக் கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. முன்வரிசையில் இருக்கிற காது கேளாதவர்கள் ஐந்து பேர் மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் மிருகமா இருந்தேன்!" மூப்பரின் குரல் தழுதழுத்தது. "கட்டின மனைவியை அடிச்சவன் நான். தேவன் என்னைத் தொட்டார். அன்னைக்கிலேர்ந்து இந்தக் கை அவ மேல பட்டதில்ல. நீதிமானா வாழணும்னா முதல்ல வீட்டுக்குள்ள வாழ்ந்து காட்டணும், பிரியமானவங்களே!"

"அல்லேலூயா!" கூரை அதிர்ந்தது.

மேடை ஓரத்தில் நின்று மூப்பரின் மனைவி சைகையில் சொல்லிக்கொண்டே வந்தார். பிறவியிலேயே காது கேட்காத தம்பியை வளர்த்தவர். சபையில் சைகை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காதுதான் கேட்கவில்லை, கண் இருக்கிறது இல்லையா? புருஷன் திருந்திய கதையைப் பெண்டாட்டியே கையால் சொல்கிறார், அதைப் பார்த்தும் ஒருத்தர் முகத்திலும் ஒரு அசைவு கிடையாது.

இது போதாதென்று இன்னொன்று. ஆராதனை முடிந்ததும் ஐந்து பேரும் மூப்பரின் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். மதியச் சாப்பாடும் அங்கேதான், பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். வாராவாரம் இதே கூத்து. ஓசிச் சோறு என்றால் சிலருக்குக் கால் தானாக நடக்கும் என்று செயலாளர் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இன்றைக்கு மூப்பரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"தம்பி, இருக்கிற ஒரு லீவு நாள்ல வீட்ல நிம்மதியா காலை நீட்ட முடியல. நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்க பக்குவமா..."

"விடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்."

அவ்வளவு பெரிய மனுஷர் தன்னிடம் ஒரு உதவி கேட்டதில் செயலாளருக்கு உச்சி குளிர்ந்துபோனது. நேரே வெளியே நின்ற வண்டியருகே போனார். ஐந்து பேரும் ஏறத் தயாராக இருந்தார்கள்.

"அக்கா, இவங்ககிட்ட சொல்லுங்க. இனிமே ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு யாரும் வரக் கூடாது."

மூப்பரின் மனைவி முகத்தில் ஈயாடவில்லை. "இதை நானா சொல்லணும்?"

"வேற யாருக்குக்கா இந்தப் பாஷை தெரியும்?"

அவர் கை எழுந்தது, இறங்கியது, மறுபடியும் எழுந்தது. சொன்னதும் ஐந்து பேரில் ஒருவரான தையல்காரர் முடியாது என்று தலையை வேகமாக ஆட்டினார். இன்னொருவரான வெல்டர் போய் வண்டிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். தையல்காரர் செயலாளரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ கெஞ்சினார், கண்ணில் தண்ணீர் வேறு.

"என்னவாம்?"

"சாப்பாடு வேண்டாமாம். வாசல்ல சும்மா உக்காந்துக்கறாங்களாம்."

"அட, மானம் ரோஷம் எதுவும் கிடையாதா? கர்த்தருடைய பிள்ளைங்கன்னா நாலு பேர் மெச்சறமாதிரி நடக்க வேணாமா?"

பிடித்த கையை உதறினார். வெல்டரைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். கதவைத் தானே திறந்துவிட்டார்.

"நீங்க ஏறுங்கக்கா."

அக்கா ஒரு நிமிஷம் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு ஏறினார். வண்டி கிளம்பும்போது மூப்பர் ஜன்னல் வழியாகக் கையசைத்தார். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார், தம்பி!"

அப்போதுதான் உள்ளேயிருந்து தையல்காரரின் மனைவி வந்தாள். புதுசாகக் கல்யாணமானவள், இந்தச் சபைக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை. ஆராதனை முழுக்கப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை, முடிந்ததும் பெண்களெல்லாம் சூழ்ந்துகொண்டு குசலம் விசாரித்ததில் இவ்வளவு நேரமாகிவிட்டது. இவளுக்குக் காது கேட்கும். ஆனால் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கேட்காது, அதனால் பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டது.

புருஷனின் கை அவளிடம் படபடத்தது. அவள் செயலாளரிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, அந்த அக்காவைத் தனியாவா அனுப்பிட்டீங்க?"

"தனியா என்ன? கட்டின புருஷனோடதானேம்மா போறாங்க?"

"அவர் சாட்சி சொல்லும்போது அக்கா கையால என்ன சொன்னாங்க தெரியுமா? அவர் சொன்னதை இல்லீங்க. 'நேத்தும் அடிச்சார், வயித்துல மிதிச்சார். இன்னைக்கும் கூட வாங்க, என்னைத் தனியா விட்டுடாதீங்க'ன்னாங்க. வாராவாரம் இதைத்தான் சொல்றாங்களாம். சாட்சி சொல்லிட்டுப் போற அன்னைக்குத்தான் அவருக்கு வெறி அதிகமாம். பக்கத்துல ஆள் இருந்தா கை வைக்க மாட்டாராம். வெளிய தெரிஞ்சா கொன்னுடுவார்னு இவங்ககிட்ட சத்தியம் வாங்கி வச்சிருக்காங்க. சோத்துக்கா போனாங்க இவங்க? காவலுக்குப் போனாங்கய்யா!"



ஐந்து பேரும் செயலாளருக்காகக் காத்திருக்கவில்லை. கொளுத்துகிற வெயிலில், வண்டி போன பக்கமாக ஓட ஆரம்பித்துவிட்டார்கள். செயலாளரின் பைக் அங்கேயே நின்றது, சாவி சட்டைப் பையில் இருந்தது. ஈவு இரக்கம் உள்ள எவனும் அந்த நிமிஷமே கிளம்பியிருப்பான்.

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா... உள்ள பொம்பளைங்ககிட்ட இதையெல்லாம் சொல்லிடலையே?"