பாதுகாப்பு உடுப்பு

முதுகில் தொங்கிய டேங்கின் வார் அறுத்து, நாச்சிமுத்துவுக்குத் தோள்பட்டை இரண்டும் கடுத்தன. தலை முதல் கால் வரை மூடிய உடுப்புக்குள் வேர்வை ஓடியது.

"தம்பி, இந்த முகமூடியையாச்சும் கழட்டிக்கறனுங்க. மூச்சு முட்டுது."

"கூடவே கூடாதுங்கண்ணா!" பூச்சிமருந்துக் கம்பெனி அபிலாஷ் பதறினான். "உசுரு முக்கியமில்லீங்களா? கையுறையை நல்லா இழுத்து உடுங்க."

மீசை முளைத்த நாளிலிருந்து தொண்டாமுத்தூர்க் காடு தோட்டங்களில் வெறும் பனியனோடு மருந்து அடிக்கிறவர் நாச்சிமுத்து. அவர் உசுரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தக்காளிச் செடிகளுக்கு நடுவே இன்னும் ஒரு வரிசை நடந்தார்.

"போதுங்கண்ணா, சூப்பர்!" அபிலாஷ் கேமராவை மூடினான். "இந்த மருந்தைத் தடை பண்ணோணும்னு ஜெனீவா மாநாட்டுல பேசறாங்க. நம்மூர்ல எல்லாரும் இப்படித்தான் பாதுகாப்பா அடிக்கறாங்கன்னு இந்தப் படத்தைக் காட்டுனாத் தடை வராது. டேங்கைக் கொட்டிருங்க, பச்சைத் தண்ணிதானே. உடுப்பைக் கழட்டிக் குடுங்க."

நாச்சிமுத்து டேங்கை மட்டும் இறக்கினார்.

"நாளைக்கு இதே காட்டுல நெசமான மருந்து அடிக்கோணுமுங்க. உடுப்பு எம் மேலயே இருக்கட்டும்."

"ஐயோ அண்ணா, மத்தியானம் அடுத்த ஊர்ல படம் எடுக்கோணும். மாவட்டத்துக்கே இந்த ஒரு செட்டுதானுங்க இருக்குது!"

"அதையும் ஜெனீவாவுல சொல்லிப்போடுங்க தம்பி."

முகமூடியைக்கூடக் கழற்றாமல் நாச்சிமுத்து வரப்பேறி வீட்டுக்கு நடந்தார்.

கம்பெனி ஆள் விட்டுக் கேட்டும் பார்த்துவிட்டது. அந்த ஒரு உடுப்பு அவர்களுக்கு இன்னும் வரவேண்டிய பாக்கி.