என் தப்புதான் சார்

திரையில் டேன் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றான்.

நாற்காலியில் இருந்த டேன் அதைப் பார்க்கக் கூசி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நீ பந்தை எறிஞ்சதை விடு தம்பி. எறிஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்றேன்னுதான் நான் பார்ப்பேன்," என்றார் பயிற்சியாளர் விட்டேக்கர்.

இண்டியானாபொலிஸில் மூன்று நாளாக இதே கூத்துதான். கல்லூரி முடித்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் அறை அறையாக உட்காரவைத்துத் துருவிக்கொண்டிருந்தன. ஓர் அறைக்குப் பதினெட்டு நிமிடம். சங்கு ஊதினால் எழுந்துவிட வேண்டும். டேனுக்கு இது ஆறாவது அறை. ஏப்ரலில் அணிகள் ஆள் எடுக்கும்போது இவர்களில் ஒருவராவது அவன் பெயரைச் சொல்லாவிட்டால், அப்பாவின் டயர் கடைதான் கதி.

அவன் குவார்ட்டர்பேக்; பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். அறுபது கஜம் தள்ளி ஓடுகிறவனின் நெஞ்சுக்கு நேராகப் பந்தை எறிகிற கை. கையைப் பற்றி எவருக்கும் சந்தேகம் கிடையாது. கழுத்துக்கு மேலே இருப்பதைப் பற்றித்தான் சந்தேகம். இருபத்திரண்டு வயதாகியும் விளையாட்டுப் பிள்ளை என்று பத்திரிகைகளே எழுதிக் கிழித்துவிட்டன.

திரையில் ஓடியது பருவத்தின் கடைசி ஆட்டம், கடைசி நிமிடம். டேன் வெளிப்பக்கம் எறிகிறான். பந்தைப் பிடிக்க வேண்டிய லமான்ட் உள்பக்கம் திரும்புகிறான். பந்து நேரே எதிரணிக்காரன் கையில். உடனே டேன் லமான்ட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் விரிக்கிறான். எங்கேடா போனே என்று வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. எண்பதாயிரம் பேருக்கும் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஊரே லமான்ட்டைக் காறித் துப்பியது. அரங்கில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவின் தலையில் யாரோ பீரைக் கொட்டினார்கள்.

தப்பு யாருடையது என்பது அணியின் நாலு சுவரைத் தாண்டவில்லை; முழுக்கதை இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த வாரம் வியாழக்கிழமைக் கூட்டத்தில்தான் லமான்ட் ஓட வேண்டிய அந்த ஓட்டத்தை மாற்றினார்கள்: இனி வெளியே இல்லை, உள்ளே. டேன் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. ஏரியில் படகில் உட்கார்ந்து கெளுத்தி மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காய்ச்சல் என்று கல்லூரிப் பயிற்சியாளரிடம் பொய் சொன்னவன் லமான்ட். சாயங்காலம் மாற்றங்களை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தவனும் அவனே. மறுநாள், "படிச்சிட்டியாடா?" என்று கேட்டபோது டேன் "ம்" என்றான். காகிதம் பீட்சா பெட்டிக்கு அடியில் கிடந்தது.

"சொல்லு. இது யார் தப்பு?" என்றார் விட்டேக்கர்.

"என் தப்புதான் சார்."

கிளிப்பிள்ளைப் பாடம். ஏஜென்ட் மார்டி ஆறு வாரமாகச் சொல்லிக்கொடுத்தது. எந்தக் காட்சியைப் போட்டாலும் பழியை உன் தலையில் போட்டுக்கொள், மறந்தும் இன்னொருவன் பெயரைச் சொல்லாதே. அவன் அப்படி ஒப்புக்கொண்ட தப்புகளில் பாதி அவனுடையவையே அல்ல. இது ஒன்றுதான் சத்தியமாக அவனுடையது. இந்த ஒன்றைத்தான் எந்த அறையிலும் யாரும் நம்பவில்லை.

விட்டேக்கரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார். "பாத்தீங்களா? கூட ஆடினவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேங்கறான். அட, பையனுக்குப் பக்குவம் வந்துடுச்சுய்யா."

காகிதத்தில் அதையே எழுதினார். பிறகு இன்னொரு தாளைப் புரட்டி, லமான்ட்டின் பெயரைத் தேடி, அதே பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

"நல்லாத்தான் ஓடறான். ஆனா சொன்ன பக்கம் திரும்பாதவனை வெச்சுக்கிட்டு நாம என்ன பண்றது? நேரம் குடுத்தாச்சு, பேருக்குக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிடுவோம்."

டேன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வியாழக்கிழமை நான் கூட்டத்தில் இல்லை சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி இருந்தது. அதைவிடக் குறைந்த நேரத்தில் அவன் தோற்ற ஆட்டங்களைப் புரட்டிப் போட்டிருக்கிறான்.

மூடியைத் திருகினான். திறந்தான். மறுபடி திருகினான்.

சங்கு ஊதியது.

வெளியே நடைபாதை நாற்காலியில் லமான்ட் உட்கார்ந்திருந்தான். டேனைப் பார்த்ததும் எழுந்தான். "அந்தக் கடைசி ஆட்டத்தைப் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"என் தப்புன்னு சொன்னேன்."

லமான்ட் அவனைச் சேர்த்து இறுக்கிக்கொண்டான்.

"தேங்க்ஸ்டா. இன்னிக்கு அந்த வியாழக்கிழமைக் கதையை நானே சொல்லிடலாம்னுதான் வந்தேன். உன்னைக் காட்டிக்கொடுக்கணுமேன்னு காலையிலேர்ந்து சோறு எறங்கல. இனிமே எதுக்கு? அதான் நீயே சொல்லிட்டியே."

வெட்கத்தில் டேனுக்குக் காது அடைத்தது. கதவு திறந்து, உள்ளேயிருந்து லமான்ட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"லமான்ட்!"

வாசற்படியில் நின்று திரும்பினான். "என்னடா?"

"ஒண்ணுமில்ல. நல்லாப் பண்ணு."

லமான்ட் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு உள்ளே போனான்.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இடுக்கில் திரை தெரிந்தது. யாரும் அதை அணைத்திருக்கவில்லை. டேன் இன்னும் இரண்டு கைகளையும் விரித்தபடியே நின்றான்.